முழங்கால் நேர்ச்சை

லூசியம்மாளுக்கு நான் சொன்னா ஏறாது. மாதா சொன்னாத்தான் ஏறும். மாதா வாயத் திறந்து பேசப் போறதில்ல, அதனால இவ மனசுல என்ன தோணுதோ அதெல்லாம் மாதா சொன்னதுன்னு ஆயிரும். இதை அவ மூஞ்சிக்கு நேராவே சொல்லிச் சிரிச்சிருக்கேன். "மைனி, உங்களுக்குக் கொழுப்பு"ன்னு அவளும் சிரிப்பா. அவ வேதக்காரி, நான் தொழுகைக்காரி. ரெண்டு பேரும் சாமி விசயத்துல மட்டும் சண்டை போட்டதில்ல, மத்த எல்லாத்துக்கும் போட்டாச்சு.

தாராவில ஒரே செவத்துக்கு அங்கிட்டு அவ, இங்கிட்டு நான். அவ கோலில, அந்த ஒத்தை ரூமுல, கரண்டி விழுந்தா எனக்குக் கேக்கும். என் தையல் மிசின் நின்னா அவளுக்குக் கேக்கும். நான் தோல் பைக்கு உள்துணி தைக்கேன், அவ இட்லி அவிக்கா. எனக்குக் கடையநல்லூர், அவளுக்குத் திசையன்விளை பக்கம். ஊர்ல இருந்திருந்தா ஒருத்தர ஒருத்தர் தெரிஞ்சிருக்காது. இங்க வந்து அவ புருசன் தனசீலன் எனக்கு அண்ணன், நான் அவளுக்கு மைனி. என் பேரு ஷரீஃபுன்னிசா. அதை முழுசாச் சொல்லிக் கூப்பிடுத ஆளு ரேசன் கடைக்காரன் மட்டுந்தான்.

இட்லி வேலை எப்படிப்பட்ட வேலைன்னு திங்கிறவனுக்குத் தெரியாது. விடியதுக்கு முன்ன பெரிய கொப்பரைய ஏத்தி, தட்டுல ஈரத்துணியப் போட்டு, மாவ ஊத்தி, மூடி, எறக்கி, அடுத்த தட்டு. ஒரு பக்கம் வடைக்கு உளுந்து ஓடும். ஒரு பக்கம் சட்னிக்குத் தேங்கா. மழை விடாம பெய்ஞ்சா மாவு பொங்காது, கம்பளியப் போத்தி அதுக்கும் சீக்காளி மாதிரி பண்டுவம் பாக்கணும். எல்லாம் முடிஞ்சு தனசீலண்ணன் அலுமினிய டப்பாவ சைக்கிள்ல கட்டி, பாம் பாம்னு ஹாரன அமுக்கிட்டு சயான் பக்கம் போனதுக்கப்புறந்தான் லூசி காப்பி குடிப்பா. அத்தன நேரமும் குத்த வச்சேதான் இருப்பா. எந்திரிக்கும்போது செவத்தப் பிடிச்சுத்தான் எந்திரிப்பா.

"ஏளா, முட்டுக்கு என்ன?"ன்னு நான் கேப்பேன்.

"வாதம் மைனி. எங்க அம்மைக்கும் உண்டு. பொம்பளன்னா அப்படித்தான்."

அவகிட்ட எல்லாத்துக்கும் இந்த ஒரு பதில்தான். பல்லு பிடுங்கிட்டு வந்து ரெண்டு நாளு துணிய வாயில வச்சுக்கிட்டே மாவாட்டுனா. கேட்டா, பொம்பளன்னா அப்படித்தான். மக ஜெஸி சயான்ல காலேஜ் போகுதா. மாசாமாசம் அந்த நாள்ல சுருண்டு படுத்திருவா, மூஞ்சி வெளிறிப் போயி சுண்ணாம்பா இருக்கும், காலேஜுக்குப் போகமாட்டா. "எந்திரிட்டி. நான் இந்த நாள்லயும் கொப்பரை எறக்குனவ. பொம்பளன்னா அப்படித்தான், தேங்காயத் துருவு"ம்பா லூசி. நானும் செவத்துக்கு இந்தப் பக்கமிருந்து, "அம்மை சொல்லுதத கேளு மக்கா"ன்னு ஒத்து ஊதுவேன்.

அவ கவலையெல்லாம் மகன் மேலதான். ஏஞ்சலோ. அவனுக்கு ரத்தம் உறையாத சீக்கு, ஹீமோஃபிலியாம்பாங்க. அது வெட்டுக்காயத்துல கொட்டுத ரத்தம்னு நாங்க நினைச்சோம். வெட்டுக்காயத்தக் கட்டிரலாம். இது உள்ள எறங்கும். சின்னப் பிள்ளையில சும்மா ஓடி விளையாடிட்டு வந்து படுப்பான், எந்திரிக்கும்போது வலது முட்டு எளநீக்கா மாதிரி வீங்கி நிக்கும். அவன் கத்துத கத்து இந்த சால்ல உள்ள அத்தன வீட்டுக்கும் கேக்கும். லூசி அவனத் தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவா. ஊசி இருந்தா போடுவாங்க, இல்லன்னா ஐஸ் வச்சு கட்டிப்போட்டு அனுப்புவாங்க. அப்படி எத்தன தடவ! பையன் பாதிப் பள்ளிக்கூடத்த கட்டில்ல படிச்சான். இப்ப வளந்து ஆளாயி, நாக்கா முக்குல ஒரு கடையில மொபைல் ரிப்பேர் பாக்கான். நடக்கும்போது வலது காலு கொஞ்சம் இழுக்கும்.

போன வருசம் பெரிய ஆஸ்பத்திரில புது ஊசி வந்துது. தோலுக்கடில போடுதது. அதப் போட ஆரம்பிச்சதுக்கப்புறம் ஒரு தடவகூட ரத்தம் எறங்கல. ஒரு தடவகூட! லூசி மூஞ்சில சதை பிடிச்சுது. புதன்கிழமை புதன்கிழமை மாஹிம் மாதா கோயிலுக்கு நவநாள் ஜெபத்துக்குப் போவா. வாசல்ல மெழுகுல கை, காலு, வீடு, குழந்தைன்னு செஞ்சு விப்பாங்கல்லா, அதுல ஒரு காலு வாங்கி மாதாவுக்கு வச்சிட்டு வருவா.

ஒரு வருசம் ஆனதும் டாக்டர் ஜோயா, "உள்ள எப்படி இருக்குன்னு ஒருக்க பாத்துருவோம்"னு ஏஞ்சலோவுக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னா. அந்த டாக்டர் சின்னப் பொண்ணு, தமிழ் தெரியாது, ஆனா நம்ம முகத்தப் பாத்துப் பேசுவா. படம் வந்த அன்னைக்குத் தனசீலண்ணன் இட்லி விக்க லைனுக்குப் போயிட்டாரு, நாந்தான் லூசிகூடப் போனேன்.

டாக்டர் படத்த வெளிச்சத்துல மாட்டுனா. பாவ் ரொட்டியத் துண்டு போட்ட மாதிரி ஒரே முட்டத் துண்டு துண்டா எடுத்திருந்தாங்க.

"ரெண்டு எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கணும்"னு இந்தில சொன்னா. "இங்க பாதி போயிருச்சு. சுத்தியுள்ள ஜவ்வு தடிச்சிருக்கு. இந்தக் கறுப்பு தெரியுதா? இது பழைய ரத்தத்தோட கறை. ரத்தம் வத்திரும், அதுல உள்ள இரும்பு போகாது. அங்கயே இருந்து மூட்ட அரிக்கும்."

எனக்கு எங்க வீட்டு இட்லிப் பானை அடில பிடிச்ச கறை ஞாபகம் வந்துது. எத்தன புளி போட்டுத் தேச்சாலும் போகாது.

லூசிக்குப் புரியல. "இப்பத்தான் ரத்தமே வரலியே டாக்டர்?"

"வரல. ஊசி இனிமே வர்றதத் தடுக்கும். வந்து போனத அழிக்காது. இருக்கிற மெத்தையக் காப்பாத்தணும். தினம் எக்சர்சைஸ். சைக்கிள் ஓட்டலாம், நீந்தலாம். குத்த வைக்கக் கூடாது. முட்டி போடவே கூடாது."

ஏஞ்சலோ போனப் பாத்துக்கிட்டே தலைய ஆட்டுனான். லூசி மூஞ்சி மட்டும் செத்துப் போச்சு. டாக்டரும் கவனிச்சா. "டென்ஷன் வேண்டாம்மா, ஆபரேசன் எல்லாம் இப்பத் தேவையில்ல"ன்னா. அவளுக்கு என்ன தெரியும், இவ எதுக்கு வெளிறுதான்னு?

திரும்பி வரும்போது பஸ்ல சன்னலுக்கு வெளிய மழை. லூசி என் கையப் பிடிச்சுக்கிட்டா.

"மைனி, நான் நேந்துட்டேன்."

"என்னத்த நேந்த?"

"ஒரு வருசம் என் பிள்ளை முட்டுல ரத்தம் எறங்காம இருந்தா, மாதா பொறந்தநாளுக்கு முன்ன, கோயில் வாசல்லருந்து பீடம் வரைக்கும் அவன முட்டுக்கால்ல நடத்திக் கூட்டிட்டு வாரேன்னு."

எனக்கு வந்த கோவம்! பஸ்ல இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. "ஏ கோட்டிக்காரி! நோவு உள்ள எடத்த வச்சா நேருவ? மொட்டை போடுதேன்னு நேந்திருக்கலாம், கஞ்சி ஊத்துதேன்னு நேந்திருக்கலாம். ஒனக்கு ஊர் உலகத்துல வேற ஒண்ணும் கெடைக்கலியா?"

"நோவு உள்ள எடத்தத்தான் மைனி குடுக்கணும். முடிய குடுத்தா மொளைச்சிரும். அதுல என்ன இருக்கு?"

நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்.

அன்னையிலருந்து அவுங்க கோலில ஒரே போராட்டம். செவத்துக்கு இந்தப் பக்கம் எனக்கு மிசின் ஓடமாட்டேங்கு.

"டாக்டர் வேண்டாம்னு சொன்னா வேண்டாம், லூசி"ன்னு தனசீலண்ணன். அவரு ஒரு வார்த்தைக்கு மேல பேசமாட்டாரு. ரோட்டுல ஹாரன் அடிச்சு அடிச்சு வாய்க்கு வேலையில்லாமப் போச்சு.

"ஒங்களுக்கு என்ன? அவனத் தோள்ல போட்டு ஓடுனது யாரு? குடுக்காட்டி திரும்பி வரும். போன மாசம் ஊசி ஸ்டாக் இல்ல, அடுத்த வாரம் வாங்கன்னு சொன்னாங்கல்லா? அது என்னன்னு நினைக்கீங்க? மாதா ஞாபகப்படுத்துதா."

"மாதா ஊசிய ஒளிச்சு வைப்பாளா, கோட்டி?"

"நீங்க பேசாதீங்க."

ஏஞ்சலோ நடுவுல புகுந்தான். "அரே, ஏன் இவ்ளோ டென்ஷன்? அஞ்சு நிமிசம்தானே? வாசல்லருந்து ஆல்டர் வரைக்கும். நான் பண்ணிடுறேன் மா. கதம், முடிஞ்சுது. அப்புறம் நீ நிம்மதியா இரு."

இதக் கேட்டதும் நான் தச்சுக்கிட்டிருந்தத போட்டுட்டு அவுங்க வாசல்ல போயி நின்னேன். "எலேய், நீ பெரிய தியாகி. ஒண்ணு ஆயிப்போச்சுன்னா கட்டில்ல கெடந்து கத்தப் போறது நீ. அத இந்தச் செவரு வழியாக் கேக்கப் போறது நான்."

"மாமி, ஊசி போட்டிருக்குல்லா. ப்ளீடு வராது."

"மெத்தை? மெத்தை மொளைக்குமா?"

அவன் கை தன் முட்டத் தடவுச்சு. லூசி முந்தானையால மூஞ்சியப் பொத்திக்கிட்டா. அவளுக்கும் தெரியும். தெரிஞ்சுதான் அழுதா. மகன் முட்டு தேயும்னு ஒரு பக்கம், நேர்ச்ச தவறுனா ரத்தம் திரும்பி வரும்னு ஒரு பக்கம். எந்தப் பக்கம் போனாலும் அடி அவன் காலுக்குத்தான்னு நினைச்சா.

கடைசியில தனசீலண்ணன் போயி அவுங்க கோயில் சாமியாரக் கூட்டிட்டு வந்தாரு. தூத்துக்குடிக்காரரு, நல்ல மனுசன். லூசி குடுத்த காப்பியக் குடிச்சிட்டுச் சொன்னாரு:

"நேர்ச்சை நேந்தவங்களத்தான் கட்டும்மா. அடுத்தவன் காலை நீங்க நேர முடியாது, பெத்த பிள்ளையா இருந்தாலும். அவனுக்கு இதுல ஒரு கடமையும் இல்ல. ஒங்க நேர்ச்சையையும் நான் மாத்தித் தாரேன். ஒரு ஜெபமாலை சொல்லுங்க, ஒரு ஏழைக்குச் சாப்பாடு போடுங்க. போதும்."

லூசி மொத பாதியத்தான் கேட்டா. "அப்ப என் முட்டுதானே சாமி கட்டுப்பட்டது?"

"நான் அப்படிச் சொல்லலம்மா."

"நேந்தது நான். அப்ப நான் போறேன்." மூஞ்சில அப்படி ஒரு தெளிச்சி. சாமியாரு ஜெபமாலை, ஜெபமாலைன்னு ரெண்டு தடவ சொல்லிப் பாத்தாரு. அவ காதுல விழல.

எல்லாருக்கும் ஒரே நிம்மதி. ஏஞ்சலோ சிரிச்சான். தனசீலண்ணன் அன்னைக்குத்தான் ராத்திரி முழுச் சாப்பாடு சாப்பிட்டாரு. நானும் பிரியாணி செஞ்சு குடுத்து விட்டேன். அவ முட்ட பத்தி ஒரு ஆளு வாயத் திறக்கல. செவத்தப் பிடிச்சு எந்திரிக்கிறவளாச்சேன்னு யாருக்கும் தோணல.

புதன்கிழமை வந்துது. மழைன்னா மழை, தாராவி முழுக்கக் கணுக்கால் தண்ணி. டி ஜங்ஷன் வரைக்கும் குடையப் பிடிச்சு நடந்து, அங்கருந்து பஸ் பிடிச்சு மாஹிம் போனோம். நவநாள் கூட்டம். அங்க எல்லாரும் வருவாங்க, என்ன மாதிரி முக்காடு போட்டவங்களும் நாலு பேரு நின்னாங்க. லூசி வாசல்ல மெழுகுக் காலு வாங்குனா. கல்யாணத்துக்குப் போற மாதிரி புதுச் சேலை. ஏஞ்சலோவ, "நீ பீடத்துக்கிட்டப் போயி நில்லு. ஒன்னப் பாத்துக்கிட்டே வாரேன்"ன்னு முன்னால அனுப்பிட்டா.

சேலையக் கொஞ்சம் தூக்கிச் செருகிட்டு முட்டி போட்டா. ஒரு கையில மெழுகுக் காலு, ஒரு கையில ஜெபமாலை. நான் பக்கத்துலயே நடந்தேன். தரை ஈரம், செருப்புத் தண்ணி, மண்ணு. மொத கொஞ்ச தூரம் நல்லாத்தான் போனா. நடுவுல நின்னுட்டா. ஒதட்டக் கடிச்சிருந்தா.

"ஏளா, எந்திரி. போதும். சாமியாருதான் சொன்னாருல்லா."

"பீடம் தெரியுதுல்லா மைனி."

"பீடம் எங்கயும் போகாது. எந்திரி."

"அவன் நிக்கான் பாருங்க." கண்ணு மகன் மேலயே இருந்துது. "எவ்ளோ நேரா நிக்கான்."

மறுபடி ஊர ஆரம்பிச்சா. ஏஞ்சலோ அந்தப் பக்கம் நின்னு பாக்க மாட்டாம கீழ குனிஞ்சுக்கிட்டான். எனக்கு அழுக வந்துட்டுது, எதுக்குன்னு தெரியல. பீடத்துக்குப் போயி மெழுகுக் கால வச்சா. எந்திரிக்கும்போது அவன் ஒரு கையி, நான் ஒரு கையி பிடிச்சுத் தூக்குனோம். வெளிய வந்து மழையில நின்னுக்கிட்டுச் சிரிச்சா. "முடிஞ்சுது மைனி. இனி அவன் ரத்தம் மாதா பொறுப்பு."

மறுநாள் எப்பவும் போல இட்லி அவிச்சா. அடுத்த நாள் காலையில நான் மிசின்ல உக்காந்திருக்கேன், அங்கிட்டு கிரைண்டர் ஓடுத சத்தம் மட்டும் கேக்கு. மாவத் தள்ளி விடுத சத்தம் இல்ல, தட்டு எறக்குத சத்தம் இல்ல. ஏதோ ஆயிப்போச்சுன்னு எந்திரிச்சு ஓடுனேன்.

லூசி செவத்துல சாஞ்சு தரையில கெடந்தா. ஜெஸி பயந்து போயி பக்கத்துல நிக்கா. பாவாடைய நான் ஒதுக்கிப் பாத்தேன். யா அல்லா! வலது முட்டு சட்டி மாதிரி உப்பி, பளபளன்னு நிக்கு. பக்கத்துல வறுத்த உப்பு மூட்டை, சூடு பண்ணுன எண்ணெ.

"சூடு வச்சியா?"

"ரெண்டு நாளா வைக்கேன். குறையல மைனி. கூடுது."

ஏஞ்சலோ குளிச்சிட்டுத் தலையத் தொடச்சுக்கிட்டே வந்தான். பாத்தான். துண்டக் கீழ போட்டுட்டுப் பக்கத்துல உக்காந்து, பொறங்கைய அவ முட்டு மேல வச்சான். அவன் முட்ட இத்தன வருசம் அவ அப்படித்தான் தொட்டுப் பாப்பா.

"மா. வலி வர்றதுக்கு முன்னாடி உள்ள ஜிவுஜிவுன்னு இருந்துச்சா? ஏதோ ஊறுற மாதிரி?"

"ஆமா."

"அப்புறம் நெறைஞ்ச மாதிரி. நீட்டவும் முடியல, மடக்கவும் முடியல."

"ஆமாலே. ஒனக்கு எப்படித் தெரியும்?" கேட்டுட்டு அவளே வாய மூடிக்கிட்டா.

"மாமி, ஐஸ். மீன்காரிகிட்ட இருக்கும், ஓடுங்க. ஜெஸி, அந்தச் சூட்டத் தூக்கி எறி. மா, இது வாதம் இல்ல. ரத்தம்."

"போடா கோட்டி. அது ஆம்பளப் பிள்ளைகளுக்கு வர்ற சீக்குலா."

"முன்னாடி எப்பவாவது இப்படி வந்திருக்கா?"

லூசி சிரிச்சா. அந்த நெலமையிலயும் சிரிச்சா. "எப்பவாவதா? கொப்பரையில இடிச்சுக்கிட்டப்ப வந்துது. ஒன்னத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிப் படியேறயில வழுக்குனேன்ல்லா, அப்ப ஒரு மாசம். ஜெஸி வயித்துல இருக்கும்போது. மழைக்காலத்துல ரெண்டு மூணு தடவ வரும், தானாப் போயிரும்."

"ஏன் மா சொல்லல?"

"சொல்லுததுக்கு என்ன இருக்கு? எங்க அம்மைக்கும் இருந்துது. பொம்பளன்னா..."

"மா, போதும்." அந்தப் பையன் அழுதுட்டான். அவனுக்கு ஊசி போடும்போதுகூட நான் அவன் அழுது பாத்து வருசமாச்சு. "என் முட்டுக்கு ஐஸ் வச்சே. உன் முட்டுக்கு உப்பு வச்சியா?"

நான் ஐஸுக்கு ஓடுனேன். மீன்காரி என்ன ஏதுன்னு கேட்டுக்கிட்டே அள்ளிக் குடுத்தா, வாங்கிட்டு ஓடியாந்தேன்.

ஆஸ்பத்திரில டாக்டர் ஜோயா நாங்க ஏஞ்சலோவுக்காக வந்திருக்கோம்னு நினைச்சு, "ஊசி நாள் இன்னைக்கு இல்லியே"ன்னா. அவன் அம்மாவ வீல் சேர்ல தள்ளிக்கிட்டு நிக்கதப் பாத்ததும் எந்திரிச்சு வந்தா. முட்டத் தொட்டுப் பாத்தா. அப்பவே உள்ள கூட்டிட்டுப் போயி, வழவழன்னு ஜெல்லப் பூசி, சோனோகிராஃபி மிசின வச்சா. திரையில மேகம் மாதிரி ஓடுச்சு.

"இந்தக் கறுப்பா நெறைஞ்சிருக்கிறது புது ரத்தம்"ன்னா டாக்டர். அப்புறம் மிசினக் கொஞ்சம் நவத்தி, திரைக்குக் கிட்டக் குனிஞ்சா. "இது புதுசு இல்ல. ஜவ்வு ரொம்ப வருசமாத் தடிச்சிருக்கு. அம்மா, உங்க ரத்தத்த யாரும் டெஸ்ட் பண்ணலியா?"

"இவன் சின்னப் பிள்ளையில ஊர்ல ஒரு டாக்டரு சொன்னாரு, இது அம்மா வழியா வருதுன்னு. அவ்ளோதான். எனக்கு எதுக்கு டெஸ்ட்?"

"பிள்ளைக்குச் சீக்கக் குடுக்குற அம்மாவுக்கும் ரத்தத்த உறைய வைக்கிற சத்து குறைவா இருக்கலாம்மா. சில பேருக்கு ரொம்பவே குறைவா இருக்கும்."

ரத்தம் எடுத்தாங்க, மருந்து போட்டாங்க, கால நீட்டிப் படுக்க வச்சாங்க. வீக்கம் எறங்க நாளாச்சு. அதுக்குள்ள அவ இல்லாம இட்லி வேலை நடந்த லட்சணத்த நான் பாத்தேன்லா! தனசீலண்ணன் மாவுல உப்பப் போட மறந்தாரு. ஏஞ்சலோ குத்த வைக்காம ஸ்டூல்ல உக்காந்து தட்டு எறக்குனான். நான் சட்னி. ஜெஸி தேங்கா. சயான்ல இட்லி திங்கிறவங்க யாரு பண்ணுனதுன்னு கேட்டாங்களாம்.

ரத்த டெஸ்ட் வந்துது. அவளுக்கும் அதே சீக்கு இருந்துது. உறைய வைக்குத சத்து இருக்க வேண்டியதுல கால்வாசிகூட இல்ல. எம்ஆர்ஐயும் எடுத்தாங்க. படம் வந்த அன்னைக்கு நாங்க எல்லாருமே போனோம். ஜெஸியும் வந்தா, டாக்டருக்கு ஒரு டப்பா இட்லி தூக்கிக்கிட்டு.

வழியில லூசி என் காதுல சொல்லுதா: "மைனி, நான் முட்டுக்கால்ல போகாட்டி இது தெரிஞ்சிருக்குமா? மாதாதான் காட்டுனா."

"ஏளா, மாதா காட்டல. ஒன் மகன் தொட்டுப் பாத்துக் கண்டுபிடிச்சான். அவனுக்கு அந்தப் பேரையாவது குடு."

"அவனுக்குச் சொன்னது யாரு?"

இவள என்ன பண்ண!

டாக்டர் ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல மாட்டுனா. இது ஏஞ்சலோ, இது லூசி. யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிஞ்சுது, ரெண்டாவதுல கறுப்பு கூட. மெத்தைன்னு சொன்னாளே, அது ஒரு பக்கம் கோடு மாதிரி கெடந்துது.

"மா, உன்னோடது என்னைவிட மோசம்"ன்னான் ஏஞ்சலோ.

லூசி கிட்டப் போயி நின்னு பாத்தா. இந்த வருசம் முழுக்க மெழுகுல காலு வாங்கி வச்சவ. உள்ள உள்ளத இன்னைக்குத்தான் பாக்கா. ஒரு கறுப்புமேல வெரல வச்சா. "இது ஜெஸி பொறந்தப்ப உள்ளதா இருக்கும்"னா. இன்னொண்ணத் தொட்டா. "இது படியில விழுந்தது." டாக்டர், அப்படியெல்லாம் பிரிச்சுச் சொல்ல முடியாதும்மான்னு சொல்ல வாயெடுத்தா, சொல்லல.

"மைனி, இவன் சீக்கு என்னாலதான்னு இவரோட தங்கச்சிமாரு சொன்னாங்க, எங்க ஊர்ல சொன்னாங்க. நானும் ஆமான்னு தலையாட்டுனேன். நீதான் குடுத்தன்னு எல்லாரும் சொன்னாங்களே, எனக்கும் இருக்குன்னு ஒருத்தருகூடச் சொல்லலியே." அப்பத்தான் ஒடைஞ்சு அழுதா. தனசீலண்ணன் அவ தோள்ல கைய வச்சாரு. இருபது வருசத்துல நாலு பேரு முன்னால அவரு அவளத் தொட்டு நான் பாத்ததில்ல.

டாக்டர் காத்திருந்தா. அப்புறம் திரும்பி, மூலையில டப்பாவ மடியில வச்சு உக்காந்திருந்த ஜெஸியப் பாத்தா. இந்தில கேட்டா: "நீ சொல்லு. உனக்கு மாசாமாசம் எப்படி? ரொம்பப் போகுதா? ரொம்ப நாள் போகுதா?"

ஜெஸி சட்டுன்னு அம்மை மூஞ்சியத்தான் பாத்தா. அப்புறம் சிரிச்சுக்கிட்டே, "நார்மல்தான் டாக்டர்"னா. "பொம்பளன்னா அப்படித்தானே."

லூசி மேசையப் பிடிச்சு எந்திரிச்சா. நொண்டிக்கிட்டே போயி மக முன்னால நின்னா. அவ மடியில இருந்த டப்பாவ எடுத்து என் கையில குடுத்தா. ஜெஸி பயந்துபோயி மேல பாக்கா.

"அப்படி இல்லட்டி"ன்னா லூசி. "நான் சொன்னது தப்பு. அப்படி இல்ல. எத்தன துணி மாத்துத, எத்தன நாளு படுத்துக் கெடக்க, எல்லாத்தையும் டாக்டர்ட்ட சொல்லு. உள்ளதச் சொல்லு."

ஜெஸிக்கு மொதல்ல அழுகதான் வந்துது. அப்புறம் சொல்ல ஆரம்பிச்சா. தனசீலண்ணனும் ஏஞ்சலோவும் வெளிய போயி நின்னாங்க. அவ சொல்லச் சொல்ல லூசி ஒரு கையால மேசையப் பிடிச்சுக்கிட்டு நின்னுக்கிட்டே கேட்டா. உக்காருளான்னு நான் ரெண்டு தடவ சொன்னேன், உக்காரல.